வீட்டுக் குளிர்சாதனம் பொருத்தும் செலவு

ஏ.சி. எந்திரத்தின் விலை போக, அதைச் சுவரில் ஏற்றி, குழாய் இழுத்து, மின்சாரம் கொடுத்து, ஓடவிடும் வரை ஆகும் தொகை. கடையில் சொல்லும் விலைக்குள் இது பெரும்பாலும் அடங்காது. சென்னையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. வாங்கும் குடும்பம், எந்திர விலையில் பத்தில் ஒரு பங்கையாவது இதற்கென எடுத்துவைப்பது நல்லது. மாடி உயரமும் குழாய் நீளமும் கூடினால் அதுவும் போதாது.

முன்வரலாறு

குளிர்ச்சியின் விலை எந்திரத்துக்கு முந்தியது. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர் 1833இல் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் 180 டன் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணத்தில் உருகியது போக ஏறத்தாழ 100 டன் கரை சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் இதே வணிகத்துக்கான கிடங்கு. உறைந்த ஏரியில் பனிக்கட்டி ஏறக்குறைய சும்மாவே கிடைத்தது. கப்பல், மரத்தூள், கிடங்கு ஆகியவைதான் செலவு. உள்ளூரிலேயே நீராவி எந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் இந்த வணிகம் படுத்துவிட்டது. கட்டடம் கைமாறியது, 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார், இன்று அது விவேகானந்தர் இல்லம். ஏ.சி.யின் திறனை டன் கணக்கில் சொல்வதும் பனிக்கட்டிக் காலத்து வழக்கம்தான். 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அது ஒரு டன்: மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது சுமார் 3.5 கிலோவாட்.

வில்லிஸ் கேரியர் 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்காக வரைந்த அமைப்பை நவீனக் குளிர்சாதனத்தின் தொடக்கமாகக் கொள்வர். ஈரப்பதத்தால் தாள் சுருங்கி விரிந்து வண்ண அச்சு விலகுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆட்களின் வசதி பிறகு வந்த சிந்தனை. அமெரிக்காவில் குடியிருப்பு ஒன்றில் முதலில் வைக்கப்பட்டது மினியாபொலிஸ் நகரில் சார்லஸ் கேட்ஸ் என்ற செல்வரின் மாளிகையில், 1914இல். ஏறத்தாழ 7 அடி உயரம், 6 அடி அகலம், 20 அடி நீளம். தரைப்பரப்பில் இன்றைய அடுக்குமாடி வீட்டின் சிறு படுக்கையறைக்கு ஈடு. வைக்கச் சொன்னவர் அதற்கு முந்திய ஆண்டே இறந்துபோனார். இத்தகைய எந்திரத்தைத் தனியாக விலை பேசி வாங்க முடியாது. கட்டடத்தோடு சேர்த்தே அடித்தளமும் காற்றுப்பாதையும் போட்டாக வேண்டும். பொருத்தும் செலவே எந்திரத்தின் செலவு.

ஓர் அறையை மட்டும் குளிர்விக்கும் கருவியை ஃப்ரிஜிடேர் நிறுவனம் 1929இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வானொலிப் பெட்டி போன்ற தோற்றம் கொண்ட அதன் குளிர்விக்கும் பகுதி அறைக்குள் இருக்கும். கனமான மற்றப் பகுதியை வேறோர் இடத்தில் வைத்துக் குழாயால் இணைக்க வேண்டும். ஆக, முதல் அறைக் குளிர்சாதனமே ஸ்பிளிட் வகைதான். சன்னல் வகைதான் பழையது, ஸ்பிளிட் அதன் வளர்ச்சி என்று கடைக்காரர்கள் சொல்வது தவறு. இரு பகுதிகளையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிச் சன்னல் விளிம்பில் வைக்கும் வடிவத்தை சூல்ட்ஸ், ஷெர்மன் என்ற இருவர் 1930களின் தொடக்கத்தில் உருவாக்கினர். அதன் விலை 10,000 முதல் 50,000 டாலர் வரை இருந்ததால் பெருஞ்செல்வர் தவிர யாரும் அண்டவில்லை. ஹென்றி கால்சன் என்ற பொறியாளர் எளிமையாக்கிய சிறு வடிவம் வந்த பிறகே நிலைமை மாறியது. 1947இல் 43,000 கருவிகள் விற்றன.

சன்னல் வகை

விலை குறைந்ததைவிட, பொருத்தும் வேலை ஏறக்குறைய ஒழிந்ததே இந்தச் சிறு பெட்டியின் பெருமை. வாயு ஆலையிலேயே அடைக்கப்பட்டு வரும்; குழாய் இணைப்பு என்பதே கிடையாது. இந்தியாவில் பல பத்தாண்டுகள் இதுவே கோலோச்சியது. சன்னலின் ஒரு பாதியை எடுத்துவிட்டு மரச்சட்டம் அடித்து, பெட்டியை வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து உட்காரவைத்து, சுற்றிலும் பலகையோ தெர்மாகோலோ வைத்து அடைத்தால் முடிந்தது. தேவைப்பட்டவர் ஒரு தச்சரும் ஓர் எலெக்ட்ரீசியனும். செலவு அவர்களின் ஒருநாள் கூலி. வெளிச்சம் போனது, இரைச்சல் வந்தது என்ற குறைகளே இதைப் பின்னுக்குத் தள்ளின. வாடகை வீட்டுக்கு இன்றும் இதுவே சிக்கனம்.

ஸ்பிளிட் வகை

1960களில் ஜப்பானிய நிறுவனங்கள் பரப்பிய ஸ்பிளிட் வடிவம், இரைச்சலிடும் கம்ப்ரஸரை மீண்டும் வெளியே அனுப்பியது. கூடவே பொருத்தும் செலவும் திரும்பி வந்தது. சன்னல் வகையில் ஆலைக்குள் முடிந்துவிடும் இணைப்பு வேலை, இங்கே வீட்டுச் சுவரில் மெக்கானிக்கின் கையால் நடக்கிறது.

செலவினங்களில் முதலாவது இன்ஸ்டலேஷன் சார்ஜ் எனப்படும் கூலி. சென்னையில் ரூ.1,500 முதல் 2,500 வரை, அதற்கு மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. இலவசம் என்று விளம்பரப்படுத்தினால் இந்தக் கூலி மட்டுமே இலவசம் என்று பொருள். அவுட்டோர் யூனிட்டைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று சாதாரண இரும்பை விரைவில் தின்றுவிடும் என்பதால் துத்தநாகப் பூச்சிட்டதே வாங்கத் தக்கது. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்களில் போல்ட் உறுதியாகப் பிடிப்பதில்லை. அங்கே மொட்டைமாடித் தளத்தில் வைப்பதே வழி.

பில்லை ஏற்றுவது காப்பர் பைப். பல நிறுவனங்கள் பெட்டியோடு சுமார் மூன்று மீட்டர் தருகின்றன. இன்டோருக்கும் அவுட்டோருக்கும் இடையே தூரம் கூடினால், காப்புறையும் வயரும் சேர்த்து ஒவ்வொரு கூடுதல் மீட்டருக்கும் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். செம்பின் உலகச் சந்தை விலை நேராக வந்து மோதும் இடம் இது. அலுமினியக் குழாய் மலிவு. ஆனால் வளைத்தால் நசுங்கும், முனை விரித்து நட் முடுக்கினால் கசியும், ஆகவே தள்ளத்தக்கது. எனவே ஏ.சி.யை எந்தச் சுவரில் மாட்டுவது என்று வீட்டில் நடக்கும் விவாதம் அழகு பற்றியதாகத் தோன்றினாலும் உண்மையில் பணம் பற்றியது. வெளிச்சுவரிலேயே இன்டோரை மாட்டி, அதன் பின்புறமே அவுட்டோரை வைத்தால் கூடுதல் குழாய் வேண்டியதில்லை. அறையின் எதிர்ச்சுவரில் மாட்டினால் குழாயோடு டிரெயின் பைப்பும் நீளும். அது சரிவாகப் போகாவிட்டால் தண்ணீர் அறைக்குள் சொட்டும். கான்கிரீட் சுவரில் துளையிடும் கோர் கட்டிங்குக்குத் தனிக் கட்டணம். உயரமான மாடிகளில் வெளிப்புறம் தொங்கி வேலை செய்யச் சாரமோ கயிறோ கட்ட நேர்ந்தால் அந்தக் கட்டணம் மற்ற எல்லாவற்றையும் விஞ்சும். புதிதாகக் கட்டுவோர் பூச்சுக்கு முன்பே குழாயைச் சுவருக்குள் பதித்துவிட்டால் இவற்றில் பாதி மிச்சம்.

குழாயை இணைத்தபின் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்சி எடுப்பதற்கு வேக்கம் போடுதல் என்று பெயர். கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் இந்த வேலையைத் தவிர்த்து, கேஸைச் சிறிது திறந்துவிட்டே காற்றை வெளியேற்றும் மெக்கானிக்குகள் உண்டு. ஆர்-22 என்ற பழைய குளிர்வாயுவின் காலத்தில் பழகிய வழி அது. இப்போதைய ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது. எனவே அப்பழக்கம் ஏற்கத்தக்கதன்று. பம்பு இல்லாமல் வருபவரின் குறைந்த கூலி, அடுத்த கோடையில் கேஸ் நிரப்பும் செலவாகத் திரும்பி வரும்.

மின்சாரம்

ஒன்றரை டன் கருவிக்கு டிஸ்ட்ரிபியூஷன் போர்டிலிருந்து நான்கு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன், எம்.சி.பி., 16 ஆம்பியர் பிளக் ஆகியவை வேண்டும். பழைய வீடுகளில் இந்த வயரிங் செலவு பொருத்துகூலியைத் தாண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதிகளில் ஸ்டெபிலைசர் தேவை. அகன்ற மின்னழுத்த வரம்பில் இயங்கும் இன்வெர்ட்டர் வகைகளுக்குத் தேவையில்லை.

இன்றைய நிலை

2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி. மீதான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. எந்திர விலை இறங்கிய அளவுக்குப் பொருத்தும் செலவு இறங்கவில்லை. வீடு மாறும்போது கழற்றி மாட்டுவதற்குக் கூலி, கேஸ், புதுக் குழாய் எல்லாம் மறுபடியும் கணக்கில் ஏறும்.