அழைத்தால் வரும் நாய்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர் உண்டு. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அங்கே ஒரு நடுகல் நிறுத்தப்பெற்றது. தன் எருமைகளின் பொருட்டுப் பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவம் அதில் இருக்கிறது. அவனருகே ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைக் கல்வெட்டு தனியே எடுத்துரைக்கிறது. சிற்றரசர் பலருடைய பெயர்களே மறைந்துபோன நாட்டில், ஒரு நாயின் பெயர் 1400 ஆண்டுகளாக நின்று நிலவுவது வியப்பன்றோ!

பெயர் இருந்ததென்றால், அப்பெயரைச் சொல்லி அழைத்த குரல் ஒன்றும் இருந்திருத்தல் வேண்டும். நிரை காக்கும் நாயையும் வேட்டைநாயையும் கயிற்றில் பிணித்து வேலை வாங்க இயலாது. அவிழ்த்துவிட்டால்தான் அது பயன்படும். அவிழ்த்துவிட்ட நாய் அழைத்தவுடன் திரும்பாவிடில் அதனால் பயனுமில்லை, அதன் உயிருக்கு உறுதியுமில்லை. ஞமலி என்றும் ஞாளி என்றும் நாயைக் குறித்த பழந்தமிழ், வாயால் எழுப்பும் சீழ்க்கைக்கு வீளை என்றொரு தனிச்சொல்லையும் வைத்திருந்தது. இன்றும் நம் ஊர்களில் நாயை ஏவுவதற்குச் ‘சூ’ என்கிறோம். அழைப்பதற்குத் ‘தோ, தோ’ என்கிறோம். ஆயினும் தெருவிற் போவோர் எவரும் ‘தோ, தோ’ என்று கூப்பிடலாம். அவ்வொலிக்கு மட்டுமே வரும் நாய் ஊருக்குப் பொது நாய் ஆகிவிடும். ஆகவே வீட்டு நாய்க்கு அதற்கே உரிய பெயரொன்று வேண்டும்.

இதனைக் கிரேக்க நாட்டு ஜெனபோன் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கண்டறிந்து எழுதினார். வேட்டையைப் பற்றிய தம் நூலில், கூவி அழைப்பதற்கு எளிதாக நாய்களுக்குக் குறுகிய பெயர்களே சூட்டவேண்டும் என்று கூறி, நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்களையும் அவர் அடுக்கித் தருகிறார். கோவிவன் என்பதும் நாலெழுத்துதான். மேட்டில் நின்று கூவினால் பள்ளத்திற்குப் போய்ச் சேரும். ஜெனபோனுக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் பின்னர் வந்த அர்ரியன், வேட்டை முடிந்ததும் நாயின் பெயரைச் சொல்லிப் புகழ்ந்து தட்டிக்கொடுக்க வேண்டும் என்றார். தாம் வளர்த்த ஹோர்மே என்னும் நாயைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதியைப் படிப்போர், அவரைப் போர்த்தலைவர் என்று நம்புவது கடினம்.

இனி நம் மேற்கு எல்லைக்கு வருவோம். பாலக்காட்டுக்குத் தெற்கே பறம்பிக்குளம், அங்கிருந்து ஆனைமலையைச் சுற்றிச் சின்னாறு, மறையூர், மூணாறு, போடிமெட்டு, குமுளி என்று நீளுகிறது அந்த மலைவரிசை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது எல்லைக்கோடு இம்மலைகளை ஒட்டியே அமைந்தது. கோட்டின் இருபுறத்தும் தமிழ் பேசும் குடிகள் வாழ்கின்றனர். கிழக்கே மலையடிவாரத்தில் தேனி மாவட்டத்துக் கோம்பை இருக்கிறது. காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பேர்பெற்ற கோம்பை நாய் அவ்வூரின் பெயரையே தாங்கியது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை ஒழிந்தது; வீட்டுக் காவலும் தோட்டக் காவலும் மட்டும் அந்நாய்க்கு எஞ்சின.

இம்மலைக்காட்டில் அழைத்து ஒன்றுகூட்டும் கலையில் வல்லவை செந்நாய்கள். புதரடர்ந்த சரிவில் கூட்டம் சிதறினால், அவை குரைப்பதில்லை. சீழ்க்கை போன்ற ஓர் ஒலியை எழுப்பி ஒன்றையொன்று தேடிச் சேர்கின்றன. கண்ணுக்கு எட்டாத இடத்திலும் செவிக்கு எட்டும் ஒலி அது. நாய்க்காரரும் ஊதுகுழலை நாடியது இக்காரணத்தினால்தான். மனிதக் குரலில் சினமும் அச்சமும் கலந்துவிடும். குழலோசையோ என்றும் ஒரே தன்மையது.

அழைத்தால் திரும்பாத நாய்க்கு இங்கே இடர் மிகுதி. தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்புகளின் ஓரத்தில் சிறுத்தைக்கு எளிதில் அகப்படும் இரை நாயே. யானையைக் கண்டு குரைத்து, பின் அஞ்சித் தன் தலைவனிடமே ஓடிவரும் நாய், யானையையும் உடன் அழைத்து வந்துவிடும். காட்டுயிர்க்கும் நாயால் கேடுண்டு. வெறிநோயையும் வேறு கொள்ளைநோய்களையும் செந்நாய்க் கூட்டத்தில் பரப்பக்கூடியது வீட்டு நாய்தான். மும்பையிலும் தில்லியிலும் வாழும் நேயர்கள் விடுமுறைக்கு வருகையில் தம் நாயையும் கொண்டுவருவதுண்டு. அடுக்குமாடி வீட்டில் அடங்கிக் கிடந்த நாய், போடிமெட்டில் வண்டிக்கதவு திறந்தவுடன் எப்படி ஓடும் என்பதை அவர்களே அறிவார்கள்.

பழக்கும் முறை சென்ற நூற்றாண்டில் பெரிதும் மாறிற்று. ஜெர்மானியப் போலீஸ் அதிகாரி கொன்ராட் மோஸ்ட் 1910-இல் வெளியிட்ட நூல் கட்டாயத்தையும் தண்டனையையும் தாராளமாகப் பயன்படுத்தியது; எனினும் நாய் தன் செயலுக்கு அடுத்த கணத்தில் நேர்வதையே நினைவில் கொள்ளும் என்ற உண்மையை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். 1951-இல் அமெரிக்க உளநூலார் ஸ்கின்னர், விலங்குகளுக்குக் கற்பிப்பது எப்படி என்று எழுதிய கட்டுரையில், பரிசைக் கொண்டே யாவற்றையும் கற்பிக்கலாம் என்று விளக்கினார். அதே ஆண்டில்தான் சென்னையில் போலீஸ் நாய்ப்படை தோன்றியது. கேரளத்தில் 1959-இல் தோன்றியது.

இன்று அறிந்தோர் கைக்கொள்ளும் முறை எளியது, பொறுமையைத்தான் வேண்டுவது. குட்டி வீட்டிற்குள் இருக்கும்போதே, உணவு வேளையில், ஒரே சொல்லால் ஒருமுறை அழைத்து, வந்தவுடன் விருப்பமான தீனியைக் கொடுக்கவேண்டும். பத்துமுறை கூவினால் முதல் ஒன்பது அழைப்புகளும் பொருளற்றவை என்று குட்டி கற்றுக்கொள்ளும். பின்னர் முற்றம், பின்னர் வெளி. அங்கே மார்பைச் சுற்றிய வாரில் நீண்ட கயிறு ஒன்று தரையில் இழுபட்டுக்கொண்டே இருக்கட்டும். காலந்தாழ்த்தி வந்த நாயை அடிப்பவர், வந்ததற்காகவே அடிக்கிறார். அடுத்தமுறை அது வாராது. நம்மவர் பெரிதும் தவறுவது இவ்விடத்தில்தான். மற்றொன்று, அழைக்கும் ஒவ்வொரு முறையும் கட்டிப்போட்டால், அழைப்பு என்பது ஆட்டத்தின் முடிவு என்று அதற்குப் பட்டுவிடும். பத்தில் எட்டுமுறையேனும் தீனி கொடுத்து மீண்டும் ஓடவிடுதல் நலம். ஆறாம் மாதத்திற்குமேல், இளமை முறுக்கேறும் பருவத்தில், கற்றதெல்லாம் மறந்ததுபோல் நாய் நடிக்கும். அப்போது கயிற்றை மீண்டும் பூட்டுவதே தக்கது. காட்டோரத்தில், எவ்வளவு பழகிய நாயாயினும், கயிற்றை அவிழ்க்கலாகாது என்பது என் கருத்து.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. மாண்டவர் எழுபதின்மர், பெரும்பாலோர் தமிழர். திருச்சூர் இராமவர்மபுரத்தில் பயின்றுவந்த மாயா என்னும் போலீஸ் நாய், பயிற்சி முடியுமுன்னரே அங்கு கொண்டுவரப்பட்டு, மண்ணுக்கடியில் கிடந்தோரைக் காட்டியது. அங்கே மற்றொரு நாயும் இருந்தது. குவி என்பது அதன் பெயர். எவரும் பழக்காத, லயத்து வீட்டு நாய். தான் விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையைத் தேடி அது ஆற்றோரமாகத் திரிந்தது. எட்டாம் நாள், நெடுந்தொலைவு கீழே ஒரு பாலத்தருகில் நின்று தண்ணீரையே நோக்கிக் குரைத்தது. குழந்தையின் உடல் அங்கே இருந்தது. பின்னர் இடுக்கிப் போலீஸ் நாய்ப்படையினர் குவியைத் தம்மிடம் வைத்துப் பேணினர். சில மாதங்கள் கழிந்தபின், அக்குடும்பத்தில் எஞ்சியிருந்த மூதாட்டியிடம் அதை ஒப்படைத்தனர்.