கல்லடைப்பும் குர்துபா மருத்துவரும்

அரபியில் ‘ஹஸாத்’ என்றால் பொடிக்கல். மினாவில் ஹாஜிகள் எறியும் கல்லையும் இச்சொல்லால் வழங்குவர். சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும் விளையும் கல்லுக்கும் அதுவே பெயர். இந்நோய்க்கென்றே தனி நூல் யாத்தவர், ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் பாரசீகத்து ரய் நகரில் பிறந்த அபூபக்ர் அர்ராஸீ. அந்நூல் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் 1896இல் லைடன் நகரில் அச்சேறிற்று.

எனினும் நம் சிந்தையைப் பெரிதும் ஈர்ப்பவர், கி.பி. 10ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபாவை அடுத்து வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. அவருடைய ‘அத்தஸ்ரீஃப்’ 30 பாகங்கள் கொண்டது; இறுதிப் பாகம் அறுவை மருத்துவம் பற்றியது. கருவிகளைப் படம் வரைந்தே காட்டுகிறார். சிறுநீர்த் தாரையில் சிக்கிய கல்லை மெல்லிய துளைகருவியால் சிறுகச் சிறுகப் பொடிக்கும் முறை அதில் உண்டு. பெண்ணுக்குக் கல் கண்டால் தேர்ந்த பெண் மருத்துவரைத் தேடச் சொல்கிறார். அத்தகையோர் கிடைப்பது அரிது என்றும் குறிக்கிறார். நாணத்தால் நோயை மறைத்து நொந்த பெண்மணிகளை நாமும் நம் வீடுகளில் கண்டிருக்கிறோம்.

மேடைகளில் இவற்றையெல்லாம் எடுத்துரைத்துப் பெருமிதம் கொள்கிறோம், தகும். ஆனால் அப்பாகத்தின் முகவுரையில் அவரே கூறும் ஒரு நிகழ்ச்சியை எந்த மேடையிலும் நாம் கேட்டதில்லை. முதியவர் ஒருவருக்குச் சிறுநீர்ப்பையில் பெருங்கல். அதனை எடுக்க ஸஹ்ராவியும் அழைக்கப்பெற்றிருந்தார். கல்லின் பருமனையும் நோயாளியின் நிலையையும் நோக்கி, உயிர் தங்காது எனக் கணித்தார் அவர். வேறொரு மருத்துவர் துணிந்து கத்தி வைத்தார். கல் வந்தது, சிறுநீர்ப்பையின் ஒரு துண்டும் உடன் வந்தது. ஏறக்குறைய மூன்று நாட்களில் முதியவர் மௌத்தானார். இதனைச் சொல்லி, நலம் பயக்கும் அறுவை வேறு, ஆபத்து மிகுந்த அறுவை வேறு என்று தம் மாணவர்க்குப் பகுத்துக் காட்டுகிறார் ஸஹ்ராவி. இப்னு ஸீனாவும் தம் ‘அல்கானூன்’ நூலில், விலாவையோ முதுகையோ கீறிச் சிறுநீரகக் கல்லை எடுக்க முனைவதை அறிவிலார் செயலெனக் கடிந்தார்.

கத்தியே படாமல், வெளியிலிருந்து செலுத்திய அதிர்வலைகளால் சிறுநீரகக் கல்லை முதன்முதலாக ஒரு நோயாளியின் உடலுக்குள் பொடித்தது 1980 பிப்ரவரி 7ஆம் நாள், ஜெர்மனியின் மூனிச் நகரில்.

இன்றும் கல் சிறிதாயின், வலிக்கு மருந்து தந்து, “நீர் நிறைய அருந்திப் பொறுத்திருங்கள்” என்றே மருத்துவர் சொல்லி அனுப்புவதுண்டு. பெரும்பாலும் அது தானே வெளியேறிவிடும். அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று வீட்டார் சலித்துக்கொள்கின்றனர்! வலியோடு குளிர்காய்ச்சல் கண்டாலோ, சிறுநீர் அடைபட்டாலோ பொறுத்தல் ஆகாது. அந்நேரமே மருத்துவமனை சேர்ந்துவிட வேண்டும்.