ராமன் மறுத்த பயிற்சியும் போன மாநாடும்

வெளியூரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் வீட்டில் வருடத்துக்கு ஒரு முறையாவது வந்துவிடும் பேச்சு இது. பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ மூன்று நாள் மாநாடு. கட்டணம் தனி, விமான டிக்கெட் தனி, ஹோட்டல் வாடகை தனி. கம்பெனி பாதி கொடுக்கும், சில சமயம் அதுவும் கிடையாது. கூட்டிப் பார்த்தால் பிள்ளையின் ஒரு டெர்ம் ஃபீஸ் வந்து நிற்கும். "போனா என்ன கிடைக்கும்?" என்று வீட்டில் கேட்டால், "நாலு பேரைப் பார்க்கலாம்" என்பதைத் தாண்டி நம்மிடம் பதில் இருக்காது.

நான் கொல்கத்தாவில் இருப்பதாலோ என்னவோ, இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு சி.வி. ராமன் ஞாபகம் வருகிறது. நோபல் பரிசு வாங்கிய ராமன் இல்லை. அதற்கு முன்னால், சர்க்கார் உத்தியோகத்துக்காக இந்த ஊருக்கு வந்து சேர்ந்த தமிழ் இளைஞர்.

திருச்சி திருவானைக்காவலில் 1888-ல் பிறந்தவர். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் எம்.ஏ. முடித்ததும் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போவதாகப் பேச்சு இருந்தது. அந்தக் குளிர் உங்கள் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நிதித்துறைப் பரீட்சை எழுதித் தேறி, 1907-ல் கல்கத்தாவுக்கு உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக வந்தார். பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் கதவைத் தட்டியது அப்போதுதான். மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-ல் தொடங்கிய கழகம் அது. (இப்போது யாதவ்பூரில் இருக்கிறது.) ஆபீசுக்கு முன்னால் கொஞ்ச நேரம், ஆபீஸ் விட்ட பிறகு ராத்திரி வரை என்று அங்கேயே சோதனைகள் செய்தார். கட்டுரைகள் வெளிநாட்டு இதழ்களில் வெளிவந்தன.

இனிதான் நம் விஷயம். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தாரக்நாத் பாலித் கொடுத்த நன்கொடையில் இயற்பியல் பேராசிரியர் பதவி ஒன்று உருவானது. துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜி அதற்கு ராமனைக் கூப்பிட்டார். ஆனால் அந்தப் பதவிக்கு ஒரு நிபந்தனை: வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் போய்ப் பெற்று வரவேண்டும். நம்மில் எத்தனை பேர் வேண்டாம் என்று சொல்லுவோம்? ராமன் சொன்னார். பயிற்சிக்காக வெளிநாடு போகமாட்டேன் என்று உறுதியாக நின்றார். கடைசியில் நிபந்தனைதான் தளர்ந்தது. 1917-ல் பதவியில் சேர்ந்தார். சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததையும் ஏற்றுக்கொண்டார்.

இதை வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிடலாம். ஆனால் 1917-ல் அவர் கையில் பத்து வருட ஆராய்ச்சி இருந்தது. அந்தப் பயிற்சி அவருக்குக் கொடுத்திருக்கக்கூடியது பெரும்பாலும் 'போய் வந்தவர்' என்ற முத்திரைதான். அது அவருக்குத் தேவைப்படவில்லை.

அதே மனிதர் நாலே வருடத்தில் கப்பல் ஏறினார். 1921-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பல்கலைக்கழகங்களின் மாநாடு. கல்கத்தாவின் பிரதிநிதியாகப் போனார். அதுதான் அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம். ஜே.ஜே. தாம்சன், ரதர்ஃபோர்டு போன்றவர்களைச் சந்தித்தார். லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்துக்குப் போனவர், சுவர் ஓரமாகக் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் கேட்கும் அந்த வட்ட மாடத்தின் ஒலியை ஆராய்ந்து கட்டுரையே எழுதிவிட்டார். நாம் போயிருந்தால் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வந்திருப்போம் :-)

ஆனால் பெரிய லாபம் மாநாட்டு மண்டபத்தில் கிடைக்கவில்லை, திரும்பும் வழியில் கிடைத்தது. எஸ்.எஸ். நர்குண்டா கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை உலுக்கியது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்பது ராலே பிரபு சொல்லியிருந்த விளக்கம். ராமன் தன்னிடம் இருந்த நிக்கல் பட்டகத்தை எடுத்தார். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் முனைவாக்கம் அடையும். பட்டகத்தைச் சரியாகத் திருப்பினால் அந்த ஒளியை வெட்டிவிடலாம். வெட்டினார். நீலம் மறையவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது! அப்படியானால் நீலம் வானத்திலிருந்து கடன் வாங்கியது இல்லை, தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. இது பற்றி அவர் அனுப்பிய குறிப்பு அந்த வருடமே நேச்சர் இதழில் வந்தது.

ஊர் திரும்பியதும் கேள்வியை விடவில்லை. 1922-ல் ஒளிச்சிதறல் பற்றி ஒரு நூல் எழுதினார். 1923-ல் மாணவர் கே.ஆர். ராமநாதன் தண்ணீரில் நிறம் மாறிய மங்கலான ஒளி ஒன்றைக் கவனித்தார். கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து தொடர்ந்த வேலை 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவில் முடிந்தது. 1930-ல் நோபல் பரிசு.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கப்பலில் எத்தனையோ பேர் வந்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே கடல்தான். பையில் பட்டகம் வைத்திருந்தவர் ஒருவர். திரும்பி வந்ததும் வேலையைத் தொடர பவ்பஜாரில் ஒரு மேஜையும் கூட உழைக்க மாணவர்களும் அவருக்கு இருந்தார்கள். மாநாடு வீண் என்று நான் சொல்லவரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு இல்லையென்றால் அந்தக் கப்பலே இல்லை. ஆனால் போகும்போது கொண்டுபோனதும், வந்தபின் செய்ததும்தான் செலவுக்கு அர்த்தம் கொடுத்தன.

இதற்கு மறுபக்கமும் அதே குடும்பத்திலேயே இருக்கிறது. ராமனின் அண்ணன் மகன் எஸ். சந்திரசேகர். அப்பாவுக்கு ரயில்வே கணக்குத்துறையில் வேலை என்பதால் 1910-ல் லாகூரில் பிறந்தவர். நம் பிள்ளைகளைப் போல, வெளியூரில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. 1928-ல் ஜெர்மன் விஞ்ஞானி சோமர்ஃபெல்ட் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் பேச வந்தார். அங்கே மாணவராக இருந்த சந்திரசேகர் அதோடு விடவில்லை, அவர் தங்கியிருந்த இடத்துக்கே தேடிப்போய்ப் பேசினார். நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்ட், இன்னும் அச்சில் வராத தன் கட்டுரையின் ப்ரூஃபையும் கொடுத்தார். அதை வைத்துப் படித்துப் பையன் எழுதிய கட்டுரை 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. விமானமும் இல்லை, ஹோட்டலும் இல்லை. உள்ளூரில் கிடைத்த கூட்டம், ஆனால் கேள்வியோடு போனார்.

1930-ல் கேம்பிரிட்ஜுக்கு உதவித்தொகையில் கப்பல் ஏறியபோது, வெள்ளைக் குறுமீன்களுக்கு நிறையில் ஓர் எல்லை உண்டு என்ற கணக்கை வழியிலேயே போட்டார். 1983-ல் நோபல் வாங்கித் தந்த ஆராய்ச்சிகளுக்கு அதுதான் ஆரம்பம்.

ராமன் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகப் போனார். நாம் போவது வீட்டுப் பணத்தில். அதனால் நாம் இன்னும் கறாராக இருக்க வேண்டும். நான் இப்போது பார்ப்பது இரண்டே விஷயம். அங்கே யாரிடம் எதைக் கேட்கப் போகிறேன் என்று ஒரு தாளில் எழுத முடிகிறதா? திரும்பி வந்த திங்கட்கிழமை அதை வைத்து என்ன செய்வேன் என்று வீட்டுக்காரம்மாவுக்குப் புரியும்படி சொல்ல முடிகிறதா? இரண்டுக்கும் பதில் இருந்தால் கடன் வாங்கியாவது போகலாம். சான்றிதழுக்காக மட்டும் என்றால், முதலில் நம் ஊருக்கு யார் பேச வருகிறார்கள் என்று விசாரித்துவிட்டு, மிச்சப் பணத்தில் குடும்பத்தோடு கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறி அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.