அத்திப்பள்ளிக்கு இப்பாலும் அப்பாலும்: ஒரு விலை வேறுபாட்டின் வரலாறு

போக்குவரத்துச் செலவைக் கழித்துவிட்டால் ஒரே பொருள் எங்கும் ஒரே விலைக்கு விற்க வேண்டும் என்பது பொருளியலின் பழைய எதிர்பார்ப்பு. விலை மிகுந்த இடத்தை நோக்கிச் சரக்கு நகரும். நகர நகர வேறுபாடு கரையும். நடைமுறை அவ்வாறு அமைவதில்லை. 1996இல் சார்லஸ் எங்கெல், ஜான் ராஜர்ஸ் ஆகிய இருவரும் அமெரிக்க, கனடிய நகரங்களின் விலைகளை ஒப்பிட்டு, இடையிலுள்ள நாட்டெல்லை விலைகளைப் பிரிக்கும் வலிமையில் 75,000 மைல் தொலைவுக்கு நிகரானது என்று கணக்கிட்டனர். பூமியின் சுற்றளவே ஏறத்தாழ 25,000 மைல்தான். அந்த எண் பின்னர் விமர்சனத்துக்கு உள்ளானது. எல்லைக்கு விலை உண்டு என்ற கருத்து மட்டும் நிலைத்தது.

இரு நாடுகள் என்றால் நாணய மாற்று, சுங்கம், இறக்குமதி விதிகள் எனக் காரணங்களை அடுக்கிவிடலாம். பெங்களூருக்கும் ஓசூருக்கும் இடையே அவை எதுவும் இல்லை. ஒக்கலிபுரத்திலிருந்து ஓசூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வழிநெடுக ஒரே ரூபாய், ஒரே நெடுஞ்சாலை, பெரும்பாலும் அதே எண்ணெய் நிறுவனங்கள். ஆயினும் அத்திப்பள்ளியைத் தாண்டியதும் பெட்ரோல், டீசல், மது ஆகிய மூன்றின் விலையும் மாறுகின்றன. கடைக்காரரின் பேராசையைக் காரணமாகச் சொல்வது பொதுவழக்கு. காரணம் வேறு, அதற்குத் தேதியும் உண்டு.

எல்லைக்கோடு போரின் எச்சம். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகாலும் சேலமும் கும்பினியின் வசம் வந்தன. ஓசூரை உள்ளடக்கிய பாலகாட் பகுதி 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னரே சேர்ந்தது. அன்று முதல் ஓசூர் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டம். அதையடுத்த ஆனேக்கல், அத்திப்பள்ளி மைசூர் அரசு. மூன்று மொழிகளும் கலந்து புழங்கிய நிலத்தில் இந்தக் கோட்டுக்கு மொழியடிப்படை ஏதும் இருக்கவில்லை. பெங்களூருக்குள்ளேயே இன்னொரு கோடும் இருந்தது. 1881இல் மைசூர் மீண்டும் உடையார் மரபிடம் ஒப்படைக்கப்பட்டபோது, தண்டு என வழங்கிய கண்டோன்மென்ட் பகுதியைப் பிரிட்டிஷார் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகரிலும் வாழ்ந்த தமிழர் பிரிட்டிஷ் நிர்வாகத்தின் கீழும், நகரின் மேற்கே வாழ்ந்த தமிழர் மன்னராட்சியின் கீழும் இருந்தனர். 1947இல் தண்டு மைசூரிடம் திரும்பியது. 1949இல்தான் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சி ஆயின. எல்லை என்பது ஓர் ஊரின் நடுவிலும் ஓடக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தென்னிந்தியாவில் அரிது.

ஆயினும் எல்லை இருப்பதாலேயே விலை மாறிவிடுவதில்லை. அதன் இருபுறமும் இரு அரசுகள் இருவேறு பொருள்கள்மீது கைவைக்க வேண்டும். அது நிகழ்ந்தது 1937இல்.

அவ்வாண்டு ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அக்டோபர் 1 அன்று தம் சொந்த மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கை அறிமுகம் செய்தார். அடுத்த ஈராண்டுகளில் சித்தூர், கடப்பை, வடாற்காடு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. ஓசூர் சேலம் மாவட்டத்தில் இருந்ததால் எல்லையின் ஒருபுறம் கள்ளும் சாராயமும் சட்டப்படி விலையே அற்ற பொருள்களாயின. மறுபுறம், சில கல் தொலைவில், அவை வழக்கம்போல் விற்றன. விலை வேறுபாட்டின் உச்சநிலை என இதைக் கொள்ளலாம்: ஓரிடத்தில் விலை உண்டு, அடுத்த இடத்தில் விலை என்பதே இல்லை. சேலத்து மதுவிலக்கின் பொருளாதார விளைவுகளைச் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அன்றே ஆராய்ந்தனர். பெரும்பாலும் குடும்பச் செலவைக் குறித்த அக்கறை அது. எல்லை வணிகத்தின்மீது அந்த அளவு கவனம் பின்வந்த ஆய்வுகளிலும் விழவில்லை.

மதுவின் கலால், மாகாண வருவாயின் பெருந்தூண்களில் ஒன்று. அத்தூணை மாவட்டம் மாவட்டமாக அகற்றிய அரசு வேறொன்றை நட வேண்டியிருந்தது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் பொருள் விற்பனையின்மீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாகாணங்களுக்கு அளித்திருந்தது. மத்திய மாகாணம் 1938இல் பெட்ரோல் விற்பனையின்மீது வரி விதித்தபோது, அது உண்மையில் மத்திய அரசுக்குரிய கலாலே என்ற எதிர்ப்பு எழுந்தது. கூட்டாட்சி நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அவ்வாறு திறந்த வழியில் 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் நுழைந்தது. ஏறத்தாழ எல்லாப் பொருள்களையும் தழுவிய விற்பனை வரி இந்தியாவில் அதுவே முதல். அடிப்படை விகிதம் அரை விழுக்காடு. சிறிதாகத் தோன்றும் இவ்வரி பலமுனை வரி: ஆலையிலிருந்து மொத்த வணிகர், அவரிடமிருந்து இடைத்தரகர், அவரிடமிருந்து சில்லறை வணிகர் எனச் சரக்கு கைமாறும் ஒவ்வொரு முறையும் விழும். நான்கு கை மாறிய துணியில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் வரி ஏறிவிடும்.

இதன் அரசியல் பொருளை அழுத்திச் சொல்ல வேண்டும். குடிப்பவரிடமிருந்து வந்த வருவாய்க்கு ஈடாக, குடித்தவர் குடிக்காதவர் அனைவரும் வாங்கும் பொருள்களிலிருந்து வருவாய் திரட்டப்பட்டது. குடியை விட்ட குடும்பத்தில் மிஞ்சும் பணம் சந்தைக்கு வரும், சந்தையிலிருந்து அதன் சிறு பங்கு கருவூலத்துக்கு வரும் என்ற தருக்கம் சேலத்துக்கு ஓரளவு பொருந்தலாம். மதுவிலக்கே வராத மாவட்டங்களில் வாழ்ந்தோரும் அதே வரியைச் செலுத்தினர் என்பதை அத்தருக்கம் விளக்குவதில்லை.

மைசூரில் விற்பனை வரிச் சட்டம் 1948இல்தான் வந்தது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில், ஓசூர்க் கடைக்காரர் பொது விற்பனை வரியைத் தம் விலையில் சேர்க்க வேண்டியிருந்தது; அத்திப்பள்ளிக் கடைக்காரருக்கு அந்தச் சுமை இல்லை. இன்று நாம் காணும் வரிவழி விலை வேறுபாடு இவ்வெல்லையில் அப்போதே வேரூன்றிவிட்டது. பின்னர் மதுவிலக்குக் கொள்கை பலமுறை தடம் மாறியது: போர்க்காலத்தில் நிறுத்தம், 1948இல் மாகாணம் முழுவதற்கும் நீட்டிப்பு, 1971இல் தளர்வு, 1974இல் மீண்டும் தடை, 1981இல் மீண்டும் தளர்வு, 1983இல் டாஸ்மாக். அதற்கு ஈடாக வந்த விற்பனை வரியோ ஒருமுறைகூடப் பின்வாங்கவில்லை. 1971க்குப் பிறகு மதுவின் வருவாயும் திரும்பியது, அதன் இழப்பை நிரப்ப வந்த வரியும் இருந்தது.

இங்கே ஒரு வினா எழும்: சோப்பும் பற்பசையும் ஏன் இருபுறமும் ஒரே விலையில் கிடைக்கின்றன? விடை பொட்டலத்தின் முதுகில் இருக்கிறது. 1977ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, 'உள்ளூர் வரிகள் தனி' என்று அச்சிட்டு விற்கும் வழி உற்பத்தியாளருக்கு இருந்தது. அக்காலத்தில் ஒரே ஆலையின் சோப்பு ஓசூரில் ஒரு விலைக்கும் பெங்களூரில் வேறொரு விலைக்கும் விற்கலாம். கடைக்காரர் சொல்வதே வரி. 1990இல் விதி திருத்தப்பட்டு, எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்சச் சில்லறை விலையே அச்சிடப்பட வேண்டும் என்றானது. மாநிலத்துக்கொரு விலை அச்சிடும் தொல்லைக்குப் பதிலாக நாடு முழுவதற்கும் ஒரே எண்ணை அச்சிடுவது பெரிய நிறுவனங்களுக்கு எளிதாயிற்று. வரி வேறுபாடு மறையவில்லை. நுகர்வோரின் கண்ணிலிருந்து விலகி, நிறுவனத்தின் இலாபத்துக்கும் முகவரின் கழிவுக்கும் உள்ளே இடம்பெயர்ந்தது. விலைகளை மட்டும் கொண்டு எல்லையின் தாக்கத்தை அளக்கும் ஆய்வுகள் இந்தியாவில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மதிப்புக்கூட்டு வரியைக் கர்நாடகம் 2005 ஏப்ரலிலும் தமிழ்நாடு 2007 ஜனவரியிலும் ஏற்றன. இடையே 21 மாதங்கள் எல்லையின் இருபுறமும் இருவேறு வரிமுறைகள். 2017 ஜூலையில் வந்த சரக்கு சேவை வரி பெரும்பாலான பொருள்களில் இவ்வேறுபாட்டை முடித்துவைத்தது. மாநிலங்கள் விட்டுக்கொடுக்காதவை மதுவும் பெட்ரோலியப் பொருள்களும். 1937இல் கைவிடப்பட்ட வருவாயும், 1938இல் நீதிமன்றம் வரை சென்ற வருவாயும் இவையே என்பது தற்செயல் அன்று. எளிதில் திரட்டத்தக்க வருவாய் எங்கே இருக்கிறது என்பதை மாகாண அரசுகள் அன்றே அறிந்திருந்தன.

இன்றைய எரிபொருள் கணக்கு இது. 2021 ஆகஸ்ட் முதல் தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 விழுக்காட்டுடன் லிட்டருக்கு 11.52 ரூபாய், டீசலுக்கு 11 விழுக்காட்டுடன் 9.62 ரூபாய். கர்நாடகம் விழுக்காட்டை மட்டுமே நம்புகிறது: 2024 ஜூனில் பெட்ரோலுக்கு 29.84, 2025 ஏப்ரலில் டீசலுக்கு 21.17. மத்தியக் கலால் உட்பட மாநில வரிக்கு முந்தைய விலை 10 ரூபாய் உயர்ந்தால், பெட்ரோல் கர்நாடகத்தில் ஏறத்தாழ 12.98 ரூபாயும் தமிழ்நாட்டில் 11.30 ரூபாயும் உயரும். இரு சட்டமன்றங்களும் எதுவும் செய்யாதபோதும், உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் அசைந்தால் அத்திப்பள்ளியில் இடைவெளி அசையும். இவ்விகிதங்களின்படி, வரிக்கு முந்தைய விலை ஏறத்தாழ 68 ரூபாயைத் தாண்டினால் பெட்ரோல் வரி தமிழ்நாட்டில் குறைவு. டீசலுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 95 ரூபாய். இரண்டுக்கும் முந்தைய விலை இவ்விரு எண்களுக்கும் இடையில் நிற்கும் காலங்களில், வரியை மட்டும் கருதினால், டீசல் நிரப்பும் லாரிக்குக் கர்நாடகப் பக்கமும் பெட்ரோல் நிரப்பும் ஸ்கூட்டருக்குத் தமிழ்நாட்டுப் பக்கமும் ஆதாயம்.