துளிநீர் சொல்லும் வரலாறு

கலைக்கூடம் என்றதும் சுவரில் தொங்கும் ஓவியங்களும் பீடத்தில் நிற்கும் சிலைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவை எவையும் இல்லாத கலைக்கூடம் ஒன்றைக் காண, ஜப்பான் நாட்டின் உனோ துறைமுகத்தில் ஒரு காலைப்பொழுதில் படகேறினோம். செத்தோ உள்நாட்டுக் கடலிலுள்ள தேஷிமா தீவுக்கே எங்கள் பயணம். ‘வளமான தீவு’ என்பது அப்பெயரின் பொருள்.

கட்டடக் கலைஞர் ரியுயே நிஷிஸாவாவும் கலைஞர் ரெய் நைட்டோவும் இணைந்து படைத்த அக்கூடம் 2010-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அடுக்கடுக்காய் இறங்கும் நெல்வயல்களின் அருகே, அது ஒரு நீர்த்துளியின் வடிவில் அமைந்துள்ளது. மண்ணைக் குன்றெனக் குவித்து, அதன்மீது கான்கிரீட் ஊற்றி, அது இறுகியபின் உள்ளிருந்த மண்ணை அகற்றியிருக்கின்றனர். ஏறத்தாழ 60 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட அக்கூடத்தில் ஒரு தூண்கூட இல்லை. கூரையின் இரு பெருந்திறப்புகள் வழியே வெயிலும் காற்றும் மழையும் தடையின்றி உள்ளே வருகின்றன. காலணிகளைக் கழற்றிவிட்டு நுழைந்தோம். தரையின் நுண்துளைகளினின்று நீர் துளித்துளியாய்க் கசிந்து, உருண்டு, ஒன்றோடொன்று கலந்து ஓடியது. காட்சிப்பொருள் அது ஒன்றே. பேசுவார் எவருமில்லை.

ஆயினும், இத்தீவின் நிலமும் நீரும் பட்ட துயரை அறியாதவர் இக்கூடத்தைப் பாதியே கண்டவராவர்.

மண்புழு வளர்ப்பதாகக் கூறி 1978-இல் உரிமம் பெற்ற நிறுவனமொன்று, தீவின் மேற்கு முனையில் நொறுக்கிய வாகனக் கழிவுகளையும் கழிவெண்ணெயையும் கொண்டுவந்து குவித்தது, திறந்தவெளியில் எரித்தது. தீவினர் முறையிட்டும் ககாவா மாநில அதிகாரிகள் அதனைத் தடுக்கவில்லை. 1990-இல் அண்டை மாநிலமான ஹியோகோவின் காவல்துறை சோதனையிட்ட பின்னரே அக்கொடுமை நின்றது. குவிந்த கழிவோ அங்கேயே கிடந்தது.

தீவினர் சோர்ந்துவிடவில்லை. வழக்கறிஞர் கொஹெய் நகாபோவின் துணையுடன் 1993-இல் நடுவர் குழுவை நாடினர். முதியோர் பலர் அன்றாடம் கடல்கடந்து சென்று, மாநில அரசு அலுவலகத்தின் முன் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நின்றனர். 2000-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. ஆளுநர் தீவினரிடம் மன்னிப்புக் கோரினார். தீவினரோ பணமாக இழப்பீடு பெறுவதை விட்டுக்கொடுத்தனர். அவர்கள் வேண்டியதெல்லாம் தூய நிலம் ஒன்றே. 2003 முதல் 2017 வரை ஏறத்தாழ 9 இலட்சம் டன் கழிவும் மாசடைந்த மண்ணும் கப்பலில் நவோஷிமா தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு உருக்கப்பட்டன. அதன் பின்னரும் நிலத்தடி நீரைத் தூய்மைப்படுத்தும் பணி தொடர்ந்தது.

கலைக்கூடம் திறக்கப்பட்ட அந்நாளிலும் கழிவுக் கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது! தீவின் ஒரு புறத்தில் மக்கள் நீர்த்துளியை வியந்து நோக்க, மறுபுறத்தில் நீரின் நஞ்சை அகற்றப் பலர் பாடுபட்டனர்.

மாலைப் படகில் திரும்புகையில் எங்களுள் ஒரு கேள்வி எழுந்தது. அக்கழிவு தீவினருடையதன்று, நகரங்களின் வசதியான வாழ்வு உதறித் தள்ளியது. நாம் வேண்டாமென எறிவது எவருடைய வாசலில் போய் விழுகின்றது? அழகை நாடிப் பயணம் செல்லும் நாம், இதனையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.