உயில்

‘தாத்தா உயில் எழுதி வெச்சிட்டுத்தான் போனாரு’ என்பது கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையிலும் புழங்கும் பேச்சு. உயிரோடு உறவுள்ள சொல் என்று நினைக்கத் தோன்றும். அழகான கற்பனை, அவ்வளவுதான். ஆங்கிலத்து ‘வில்’தான் தமிழ் நாவில் உயில் ஆனது. அங்கே அதன் பொருள் விருப்பம்.

முன்னோரைத் தேடவும் உயில் உதவும். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலை நடத்தத் தொடங்கியபின் இங்கிலாந்தின் கார்ன்வால் வட்டாரச் சுரங்கத் தொழிலாளர் இங்கே வந்தார்கள். பலர் மெதடிஸ்டுகள், அதாவது இங்கிலாந்தின் அரசுத் திருச்சபைக்கு வெளியே நின்றவர்கள். இவர்கள் வழிவந்தோர் முன்னோரைத் தேடினால், அங்குள்ள ஊர்க்கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் கிடைக்காமல் போகலாம். கல்யாணப் பதிவு பெரும்பாலும் கிடைக்கும்: 1754 முதல் 1837 வரை குவேக்கர், யூதர் தவிர எல்லோருக்கும் அரசுத் திருச்சபைக் கோயிலில்தான் திருமணம். விட்ட இடத்தை நிரப்புவது உயில். எந்தச் சபையாராக இருந்தாலும் அவர் உயில் 1858 வரை திருச்சபை நீதிமன்றத்துக்கே போயிற்று. மணமான மகளின் புதுப்பெயர், மருமகனின் தொழில், ஜெபவீட்டுக்கு விட்ட சிறு தொகை எல்லாம் அதில் அகப்படும்.

இந்தியாவில் இறந்த ஆங்கிலேயர் பலரின் உயில் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. தேடும்போது சாட்சிக் கையெழுத்துகளையும் விடாமல் படியுங்கள். சாட்சிகள் பலநேரம் அதே சபைக்காரர்கள்.