பரண் மேல் இருந்த பிக்னிக் பெட்டி

போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது எங்கள் வீட்டு "துரை பெட்டி" கீழே இறங்கியது. ஒரு மரப்பெட்டி. அதற்குள் நான்கு அடுக்குப் பித்தளை டிபன் கேரியர், நான்கு எனாமல் தட்டு, ஒரு பிளாஸ்க். முதல் உலகப் போர் சமயத்தில் ஜமாபந்திக்கு வந்த வெள்ளைக்கார துரை எங்கள் தாத்தாவுக்குக் கொடுத்தது என்று பரம்பரையாகச் சொல்வார்கள். அக்காவுக்கு அதில் பெருமை அதிகம்.

அதே வாரம் தெருவில் பழைய பாத்திரம் எடுப்பவர் வந்தார். கேரியரைத் தராசில் போட்டு, எடைக்கு இவ்வளவு என்றார். வீட்டில் எல்லோரும் கொடுத்துவிடலாம் என்றார்கள். நான் ஒரு வாரம் தவணை கேட்டேன். வங்கியில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவன். வாய்க்கணக்கை நம்பாதே, வவுச்சரைப் பார் என்று பழகியவன். பெட்டியில் இருந்த ஒவ்வொரு பொருளையும் ஒரு வவுச்சராக வைத்துப் பார்த்தேன்.

முதலில், துரைமார்கள் வைத்திருந்த பிக்னிக் செட் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். 1900-களின் தொடக்கத்தில் லண்டன் பிக்காடிலியில் இருந்த ட்ரூ அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் பிரம்புக் கூடைக்குள் கெட்டில், ஸ்பிரிட் அடுப்பு, கோப்பை, தட்டு என எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வார்போட்டுக் கட்டி விற்றன. 1950-களில் பிரெக்ஸ்டன் போன்ற கம்பெனிகள் ரெக்சின் ஒட்டிய பெட்டியில் பிளாஸ்டிக் கோப்பைகளுடன் மலிவாக விற்றன. எங்கள் பெட்டியில் வாரும் இல்லை, பொருளுக்கென்று தனித்தனி இடமும் இல்லை. அடுக்கு கேரியர் என்பதே நம் ஊர்ச் சாமான். ஆக இது கடையில் செட்டாக விற்றதல்ல, யாரோ வீட்டில் சேர்த்து வைத்தது.

அடுத்தது தட்டுகள். புளி போட்டுத் தேய்த்ததும் அடியில் "மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா" என்ற முத்திரை தெரிந்தது. அந்த நாடு பிறந்தது 1918 அக்டோபரில். 1992 முடிவில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. போர் நடந்த காலத்தில் வந்த துரை அந்தத் தட்டைக் கொடுத்திருக்க முடியாது.

பிறகு கேரியர். பித்தளையை வைத்து மட்டும் வயது சொல்வது கஷ்டம். சென்னை கலைப் பள்ளியில் சாட்டர்டன் 1898-லேயே அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கியும், ஷெஃபீல்டில் பிரியர்லி 1913-ல் துருப்பிடிக்காத எஃகைக் கண்டுபிடித்தும், நம் வீடுகளில் எவர்சில்வர் நுழைந்து இடத்தைப் பிடிக்கும்வரை ஈயம் பூசிய பித்தளைதான் புழங்கியது. ஆனால் நம் பாத்திரங்களில் சீமைச் சாமானில் இல்லாத ஒரு சாட்சி உண்டு. அதுதான் பேர் வெட்டுவது. கேரியரின் மேல் மூடியில் அம்மாவின் பெயரெழுத்தும் "திருவண்ணாமலை" என்றும் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. தீபத்துக்குப் போனபோது வாங்கியிருக்க வேண்டும்.

அந்த ஒரு ஊர்ப் பெயரிலேயே காலம் இருக்கிறது. "ணா" பழைய முறையில் கீழே சுழிந்திருக்கிறது. "லை" யானைத் துதிக்கை மாதிரி மேலே கொம்பு வைத்திருக்கிறது. பெரியார் தம் பத்திரிகைகளில் 1935-லேயே இந்த எழுத்துக்களை மாற்றிவிட்டார். அரசாங்க ஆணை வந்தது 1978-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். பழைய கை பழகிய சிலர் அதன் பிறகும் பழையபடியே வெட்டினார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. ஆனாலும் கேரியரில் இருப்பது அம்மாவின் பெயர். தாத்தாவுக்குத் துரை கொடுத்ததில் பிற்பாடு வந்த மருமகள் பெயரைக் கடைக்காரர் எப்படி வெட்டியிருப்பார்?

கடைசியில் பிளாஸ்க். ஜேம்ஸ் டூவர் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி திரவ வாயுக்களைக் குளிர்ச்சியாக வைக்க 1892-ல் செய்த குடுவை இது. 1904-ல் ஜெர்மனியில் தெர்மாஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உள்ளே இருக்கும் கண்ணாடி உடைந்தால் மாற்றிவிடுவார்கள். அதனால் வெளிக்கூட்டையும் மூடியையும்தான் பார்க்க வேண்டும். எங்களுடையதில் தகரக் கூடு, பிளாஸ்டிக் மூடி.

அதைவிட நல்ல சாட்சி பெட்டியின் அடியில் கிடைத்தது. விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே ஆரணிக் கடை ஒன்றின் பில். தேதி இருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. "பிளாஸ்க் 1" என்ற வரியும், தொகைக்குப் பக்கத்தில் "ந.பை." என்பதும் தெளிவாக இருக்கின்றன. நயா பைசா! 1957 ஏப்ரல் 1-ல் அணா போய் நயா பைசா வந்தது. 1964 ஜூன் 1 முதல் "நயா" போய் வெறும் பைசா ஆனது. அந்த ஏழு வருடத்துக்குள்தான் பிளாஸ்க் வாங்கப்பட்டிருக்கிறது.

சேர்த்து வைத்த பெட்டிக்கு வயது சொல்லும்போது அதில் உள்ள மிகப் பழைய பொருளைப் பார்க்கக் கூடாது, மிகப் புதிய பொருளைத்தான் பார்க்க வேண்டும். லெட்ஜரில் கடைசிப் பதிவைப் பார்ப்பது போலத்தான். அந்தக் கணக்கில் எங்கள் பெட்டிக்கு வயது அறுபத்தைந்து, முன்பின் நாலைந்து இருக்கலாம்.

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்போ துரை குடுக்கலையா?" என்றாள். பில்லைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, உனக்குப் படவேட்டுல மொட்டை போட்டாங்களே, அப்போ அம்மா வெந்நீர் கொண்டுவந்தது இந்த பிளாஸ்க்குலதான். அப்பா ரெண்டு சேலை கூலியைச் சேர்த்து வாங்கினாருன்னு அம்மா சொல்லும். நாங்க நம்பல" என்றாள். நான் பிறந்தது 1959. ரேணுகாம்பாள் கோயிலில் மொட்டை அடித்தது அடுத்த வருடம். வருடம் பில்லோடு ஒத்துப்போகிறது.

தறியில் உட்கார்ந்து சம்பாதித்த மனிதர் வாங்கியதை, கொடுத்தவர் துரை என்று சொல்லியே இத்தனை வருடம் நாங்கள் அவர் பெயரை மறைத்துவிட்டோம். அம்மா சொன்னதுதான் சரி என்று சொல்ல இப்போது அம்மா இல்லை.

பாத்திரக்காரர் மறுபடி வந்தபோது கொடுப்பதற்கில்லை என்று சொல்லி அனுப்பினேன். நம் பகுதியில் பல வீட்டுப் பித்தளை இப்படித்தான் எடைக்குப் போகிறது. போடுவது உங்கள் விருப்பம். ஆனால் தராசில் வைப்பதற்கு முன் மூடியையும் அடியையும் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். வெட்டிய பெயரையும் எழுத்தின் வடிவத்தையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பெட்டிக்கு அடியில் விரித்த காகிதத்தைக் கிழிக்காமல் எடுங்கள். நம் அம்மாக்கள், பாட்டிகள் பலருக்குப் பத்திரத்தில் பெயர் கிடையாது, பாஸ்புக்கில் கிடையாது. பாத்திரத்தில் மட்டும்தான் இருக்கிறது.